மைனஸ் தண்ணி: மாடல்ல இருந்து ஃபார்முலாவை வெளிய எடுக்கும்போது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கோம்.)

போன எபிசோட்ல ரெக்ரெஷன் மாடல் எப்படி ஃபிட் பண்றதுன்னு பேசினோம். நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ஃபிட் பண்ணியாச்சு, ஆர் ஸ்கொயர்ட் நல்லா வந்திருச்சு, அடுத்து என்ன?" அடுத்து என்னன்னு நான் பாடம் கத்துக்கிட்ட இடம் ஆஃபீஸ் இல்ல. ஆனைக்குட்டம் அணைக்கரை. அந்தக் கதையை இன்னிக்குச் சொல்றேன். இதுல முட்டாள் நான்தான், அதனால தைரியமாச் சொல்லலாம்.

ஆனைக்குட்டம் தெரியாதவங்களுக்கு: விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல, அர்ச்சுனா நதிக்குக் குறுக்க கட்டியிருக்கற அணை. அதே ஆறு கீழ கோல்வார்பட்டியைத் தாண்டிப் போய், இருக்கன்குடியில வைப்பாறோட சேருது. மழைக்காலத்துல மட்டும் ஆறு, மத்த நேரம் மணலும் கருவேலமும். விருதுநகர் டவுனுக்குக் குடிதண்ணி இங்க இருந்தும் போகுது. எங்க பக்கத்துல வீட்டு வாசல்ல வரிசையா குடம் இருந்தா அன்னிக்குத் தண்ணி வர்ற நாள்னு அர்த்தம். அதனால "அணையில எத்தனை அடி நிக்குது"ங்கறது எங்க ஊர்ல கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. டீக்கடையில யாராவது கேட்பாங்க, யாராவது சொல்லுவாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வயல். நெல்லு போட்டிருந்தாரு. கரையில நின்னுக்கிட்டு அவர் கேட்டது இதுதான்:

"மாப்ள, பதினாறு அடிக்கு மேல நிக்குதுங்கறாங்க. அடியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எத்தனை நாளைக்குத் தண்ணி விடுவாங்கன்னு சொல்லு. இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சா கதிர் தேறிரும். இல்லேன்னா பக்கத்துக் காட்டு போர்ல காசு குடுத்துப் பாய்ச்சணும்."

யோசிச்சுப் பாருங்க, இது எவ்வளவு நல்ல கேள்வி. அடி வேற, கொள்ளளவு வேற. அணை நேரா நிக்கற தொட்டி கிடையாது. கீழ குறுகலா, மேல போகப் போக விரியுற சட்டி. மேல இருக்கற ஒரு அடித் தண்ணி அடியில இருக்கற ஒரு அடியைப் போல பல மடங்கு இருக்கும். இதுக்காகத்தான் எல்லா அணைக்கும் இந்த மட்டத்துக்கு இவ்வளவு கொள்ளளவுன்னு ஒரு அட்டவணை வெச்சிருப்பாங்க. மட்டம் கடல் மட்டத்துல இருந்து மீட்டர்ல, கொள்ளளவு மில்லியன் கன அடியில.

அந்த மாதிரி ஒரு அட்டவணையோட மங்கலான போட்டோ எனக்குக் கிடைச்சுது. ஒண்ணு சொல்லிடறேன்: இப்ப நான் சொல்லப்போற எண்கள் அணையோட நிஜ எண்கள் இல்ல. அதே மாதிரி நடந்துக்கற, வாயால சொல்ல வசதியான எண்களா மாத்தியிருக்கேன். யாரும் இதை வெச்சு மதகைத் திறந்துடாதீங்க.

அட்டவணையில எல்லா மட்டமும் இல்ல, இடையில நிறைய இடைவெளி. சரி, லேப்டாப்பைத் திறந்து, ஆர்ல ஒரு இருபடி ரெக்ரெஷன் போட்டேன். அருமையா ஃபிட் ஆச்சு. ஆர் ஸ்கொயர்ட் 0.999. ரெசிட்யூவல் பிளாட் பாத்தேன், சுத்தம். அன்னிக்கு மட்டம் 95 மீட்டர், அணையோட தரை 90. அதாவது 5 மீட்டர் தண்ணி, மாமா சொன்ன பதினாறு சொச்சம் அடி. மாடலைப் பிரெடிக்ட் பண்ணச் சொன்னா 56.87 மில்லியன் கன அடி. அட்டவணையோட ஒத்துப்போச்சு.

ஆனா மாமாகிட்ட ஆர் இல்ல. பட்டன் போன்ல ஒரு கால்குலேட்டர் இருக்கு. அதனால மாடலுக்குள்ள இருந்து ஃபார்முலாவை எடுத்து எழுதிக் குடுத்துட்டா, அவரே தினமும் மட்டத்தைப் போட்டுப் பாத்துக்கலாம்னு நினைச்சேன். உங்கள்ல பாதிப் பேர் ஆஃபீஸ்ல பண்றதும் இதேதான். பைத்தான்ல ஃபிட் பண்ணி எக்செல்ல ஃபார்முலாவா போடுறீங்க. இல்ல டேட்டா சயின்ஸ் டீம் ஃபிட் பண்ணினதை நீங்க ஜாவாவுல எழுதுறீங்க. மாடல் ஒரு வீட்டுல பொறந்து இன்னொரு வீட்டுக்கு வாழப் போற நேரம் அது. எல்லா விபத்தும் அந்த ஊர்வலத்துலதான் நடக்கும்.

மாடல் குடுத்த கெழுக்கள், அதாவது கோஎஃபிஷியன்ட்ஸ், இப்படி இருந்துச்சு:

கொள்ளளவு = 2.0347 × மட்டம் × மட்டம் − 365.046 × மட்டம் + 16373.07

நான் ஒரு துண்டுப் பேப்பர்ல, ரெண்டு தசம இடம் போதும்னு இப்படி எழுதினேன்:

கொள்ளளவு = 2.03 × மட்டம் × மட்டம் − 365.05 × மட்டம் + 16373.07

பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டு தசம இடம்தானே பழக்கம்? மார்க், காசு, பெட்ரோல் விலை எல்லாம் ரெண்டு இடம்தான்.

மாமா 95 போட்டாரு. 14 வந்துச்சு. பக்கத்துல நான் லேப்டாப்பை மூடிட்டு அதிரசம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். 57ங்கறது ஞாபகத்துல இல்ல. "14 மில்லியன் கன அடி, சரி"ன்னு அப்படியே அடுத்த கணக்குக்குப் போயிட்டேன். வினாடிக்கு 20 கன அடி திறந்துவிட்டா ஒரு நாளைக்கு 17 லட்சத்து 28 ஆயிரம் கன அடி, அதாவது 1.728 மில்லியன். 14-ஐ அதால வகுத்தா எட்டு நாள். "எட்டு நாள் மாமா"ன்னேன்.

எட்டு நாள்ல ரெண்டு தண்ணி பாயாது. மாமா முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சாயங்காலமே பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட போய் போர் தண்ணிக்கு மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாரு. என்ஜினியரிங் படிச்ச பய சொன்னா கேட்கணுமில்ல!

மறுநாள் காலையில கரையில நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தவர் சொன்னாரு: "ஏன் மாப்ள, போன வருஷம் பொங்கலுக்கும் இதே மட்டம்தான். இதே கல்லு நனைஞ்சு கெடந்துச்சு. தை முடியுற வரைக்கும் வந்துச்சே. இந்த வருஷம் மட்டும் எப்படி எட்டு நாள்?"

அப்பதான் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. போன்ல அதே ஃபார்முலாவைப் போட்டேன். 95-க்கு 14.07. அட்டவணையில 57. சந்தேகப்பட்டு 91 போட்டேன். மைனஸ் 36.

மைனஸ் 36 மில்லியன் கன அடித் தண்ணி. அணைக்கே நாம தண்ணி கடன் குடுத்திருக்கோம் போல.

என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2.0347-ஐ 2.03 ஆக்கினதுல நான் தூக்கிப் போட்டது வெறும் 0.0047. ஆனா அது பெருக்கப்படுறது எதோட? 95-இன் வர்க்கம், 9025. 0.0047 × 9025 = 42.4. அந்த 42 மில்லியன் கன அடியை ரவுண்டிங் முழுங்கிருச்சு. ஃபார்முலாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு விரிச்சுப் பாத்தா, முதல் உறுப்பு பதினெட்டாயிரத்துச் சொச்சம், ரெண்டாவது மைனஸ் முப்பத்தி நாலாயிரத்துச் சொச்சம், மூணாவது பதினாறாயிரத்துச் சொச்சம். மூணு பெரிய யானைங்க ஒண்ணை ஒண்ணு தள்ளி, மிச்சமா நிக்கற எலிதான் நமக்கு வேண்டிய 57. யானை ஒரு அடி நகந்தா எலி காலி.

இன்னொரு கொடுமை. அணை ஏறக்குறைய நிறைஞ்ச மட்டம், 97 போட்டா தப்பு ஃபார்முலா 63 சொல்லும். நிஜ விடை 108. 63ங்கறது பாக்க எவ்வளவு நியாயமா இருக்கு! நான் 97-ஐ மட்டும் போட்டு "பாசிட்டிவ்வா வருது, சரியா இருக்கும்"னு விட்டிருந்தா கடைசி வரைக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். மைனஸ் வந்தது நம்ம அதிர்ஷ்டம். பெரும்பாலான தப்பு ஃபார்முலாக்கள் மைனஸ் காட்டாது, நியாயமான முகத்தோடயே வந்து நிக்கும்.

இதுல என் தப்பு ரவுண்டிங் மட்டும் இல்ல. நான் மாடலைச் செக் பண்ணினேன். ஆர் ஸ்கொயர்ட் பாத்தேன், ரெசிட்யூவல் பாத்தேன், பிரெடிக்ட் பாத்தேன். ஆனா மாமா கையில குடுத்தது மாடல் இல்லையே, பேப்பர்ல எழுதின ஒரு வரி. அது வேற ஒரு பொருள். அதை நான் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல. பிரெடிக்ட் குடுக்கற விடையையும், கையால எழுதின ஃபார்முலா குடுக்கற விடையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா முப்பது செகண்ட்ல தெரிஞ்சிருக்கும்.

சரி, எப்படிச் சரி பண்ணினேன்? தரைமட்டத்தைக் கழிச்சுட்டு ஃபிட் பண்ணினேன். மட்டம்னு சொல்றதுக்குப் பதிலா ஆழம்:

கொள்ளளவு = 2.0347 × ஆழம் × ஆழம் + 1.2 × ஆழம்

அதே மாடல்தான், விரிச்சா பழைய ஃபார்முலாவே வரும். ஆனா இப்ப ரெண்டு தசம இடமா வெட்டிப் பாருங்க. 2.03 × 25 + 1.2 × 5 = 56.75. நிஜ விடை 56.87. வித்தியாசம் கொசுறு. அதே ரவுண்டிங்தான், முன்னாடி 43 தப்பு, இப்ப 0.12 தப்பு. மாமாவுக்கும் இதுதான் வசதி, அவர் பாக்கறதே ஆழம்தான். அடியை மீட்டரா மாத்த 0.3048-ஆல பெருக்கணும், அவ்வளவுதான்.

வருஷத்தை வெச்சு டிரெண்ட் போடுறவங்க இதைக் கவனிங்க. 2015, 2016, 2017-னு நேரா போட்டு இருபடி, முப்படி ஃபிட் பண்ணினா உங்களுக்கும் மைனஸ் தண்ணிதான். 2020-ன் வர்க்கம் நாற்பது லட்சத்துக்கு மேல. அஞ்சாவது தசம இடத்துல இருக்கற எண்கூட அங்க பேசும். எக்செல்ல சார்ட் மேல டிரெண்ட்லைன் போட்டு, அதுல தெரியுற சமன்பாட்டைக் காப்பி பண்றவங்க ரொம்ப ஜாக்கிரதை. அந்த லேபிள் எண்களை ரவுண்ட் பண்ணித்தான் காட்டும். கோடு சரியா வரைஞ்சிருக்கும், ஏன்னா அது முழு எண்ணை வெச்சு வரையுது. சமன்பாடு மட்டும் சுருக்கினது. லேபிளை ஃபார்மேட் பண்ணி தசம இடத்தைக் கூட்டிக்கலாம். அதைவிட, கெழுக்களை நேரா செல்லுல வரவழைக்கற லைனெஸ்ட் ஃபங்ஷன் நல்லது.

ரவுண்டிங் தவிர இன்னும் சில பொறிகள் இருக்கு. எல்லாத்தையும் சொன்னா மூணு மணி நேரம் ஆகும், நான் மாட்டினதை மட்டும் சொல்றேன்.

ஆர்ல பாலின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. இருபடி வேணும்னா பாலி, கமா, ரெண்டு, அவ்வளவு சுலபம். ஆனா அது உங்க எண்ணோட வர்க்கத்தை நேரா எடுக்காது. ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கற மாதிரி உருமாத்தின எண்களை வெச்சு ஃபிட் பண்ணும். பிரெடிக்ட் கச்சிதமா வரும். வெளிய வர்ற கெழுக்களை எடுத்து நேரடி மட்டத்தோட பெருக்கினா குப்பை வரும். பைத்தான்ல ஸ்டாண்டர்ட் ஸ்கேலர் போட்டு ஃபிட் பண்றவங்களுக்கும் இதே கதைதான். அந்தக் கெழுக்கள் சராசரியைக் கழிச்சு, திட்ட விலக்கத்தால வகுத்த எண்ணுக்குத்தான் செல்லும். ஃபார்முலாவைக் குடுக்கும்போது அந்தச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சேத்துக் குடுக்கலேன்னா, பூட்டை மட்டும் குடுத்துட்டு சாவியை வீட்டுல வெச்ச மாதிரி.

அடுத்தது மாதங்கள். மாதத்தை ஒரு வகையா மாடல்ல போட்டா ஆர் அதை ஆங்கில அகரவரிசையில அடுக்கும். முதல்ல வர்றது ஏப்ரல். அதனால ஏப்ரல்தான் அடிப்படை. மத்த பதினோரு மாசத்துக்கும் ஏப்ரலோட ஒப்பிட்டு எவ்வளவு கூட, எவ்வளவு கொறைச்சல்னு கெழு வரும். ஏப்ரலுக்குன்னு தனியா வரி இருக்காது. நான் ஒரு தடவை ஃபார்முலாவை டைப் பண்ணினப்ப, பதினோரு மாசம்தான் இருக்கேன்னு ஜனவரியை அடிப்படைன்னு நினைச்சு ஒரு மாசம் தள்ளி எழுதிட்டேன். கோடு எர்ரர் காட்டல. எண்களும் நியாயமாத்தான் இருந்துச்சு. அக்னி நட்சத்திரத்துல மழை பெய்யுதுன்னு ஃபார்முலா சொன்னப்பதான் முழிச்சேன்.

லாக் எடுக்கற மாடல் இன்னும் தந்திரமானது. ஆத்துல ஓடுற தண்ணியை மட்டத்தை வெச்சுக் கணக்குப் போடுறப்ப ரெண்டுக்கும் லாக் எடுத்து ஃபிட் பண்றது உலகம் பூரா வழக்கம். கடைசியில லாக்கைத் திருப்பிட்டா விடை வந்துரும்னு நினைப்போம். ஒரே ஒரு உதாரணம்: ரெண்டு நாள்ல ஓடின தண்ணி 10, 1000. நேர் சராசரி 505. லாக் எடுத்து சராசரி போட்டுத் திருப்பினா 100. வெள்ளம் வந்த நாளை லாக் அமுக்கிருது. ஒரு நாள் எப்படி இருக்கும்னு கேட்டா 100 நல்ல பதில்தான். ஆனா மொத்தம் எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு கூட்டணும்னா அஞ்சு மடங்கு கொறைச்சலா சொல்லுவீங்க. இதுக்கு நைஹுவா டுவான் 1983-ல ஒரு எளிய மருந்து குடுத்தாரு, ஸ்மியரிங்னு பேர். ஒவ்வொரு டேட்டாவும் ஃபிட்ல இருந்து எத்தனை மடங்கு விலகியிருக்குன்னு பாத்து, அந்த மடங்குகளோட சராசரியால பெருக்கணும். நம்ம உதாரணத்துல விலகல் 0.1 மடங்கு, 10 மடங்கு. சராசரி 5.05. நூறை அதால பெருக்கினா 505. இந்த 5.05ங்கற எண் ரெக்ரெஷன் அவுட்புட்ல எங்கயும் அச்சாகாது. ஃபார்முலாவை எடுக்கறவங்கதான் ஞாபகமா சேக்கணும்.

யூனிட்டும் அப்படித்தான். மதகு, தடுப்பணை மேல வழியுற தண்ணிக்கு ஃபிரான்சிஸ் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. ஜேம்ஸ் ஃபிரான்சிஸ், அமெரிக்காவுல லோவெல்ங்கற ஊர்ல, 1850-கள்ல சோதனை பண்ணி எடுத்தது. புத்தகத்துக்குப் புத்தகம் அதோட கெழு மாறும்: ஒண்ணுல 3.33, இன்னொண்ணுல 1.84. ரெண்டும் சரி. முதல்ல உள்ளது அடிக்கு, ரெண்டாவது மீட்டருக்கு. எங்க ஊர்ல மட்டம் அடியில, அட்டவணை மீட்டர்ல, கொள்ளளவு மில்லியன் கன அடியில, பேப்பர்ல டிஎம்சியில. இப்படி ஒரு ஊருக்கு யூனிட் எழுதாத ஃபார்முலாவைக் குடுக்கறது பாவம். மருந்துக் கலவையில அளவு தப்பினா என்ன ஆகும்னு சிவகாசிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா தண்ணிக் கணக்குல தப்பினா சத்தமே கேக்காது.

எல்லாத்தையும் கையால எடுக்கணும்னு இல்ல. ஃபிராங்க் ஹாரெல்னு ஒரு புள்ளியியல் பேராசிரியர், ஆர்எம்எஸ்னு ஆர்ல ஒரு பேக்கேஜ் எழுதியிருக்காரு. அதுல ஃபிட் பண்ணின மாடலைக் குடுத்தா, அதையே ஓட்டிப் பாக்கற மாதிரி ஃபங்ஷனா எழுதிக் குடுக்கும். ஸ்ப்லைன் போட்ட மாடலுக்கு இது கடவுள் மாதிரி. ஸ்ப்லைன்னா, டேட்டாவை அங்கங்க முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு வேற வளைவு. அந்த ஃபார்முலாவைக் கையால எழுதினா நிச்சயம் ஒரு இடத்துல சறுக்குவோம். ஆனா கருவி எழுதிக் குடுத்தாலும் செக் பண்ணணும், ஏன்னா அதை எக்செல்லுக்கோ ஜாவாவுக்கோ மாத்தி எழுதப் போறது மறுபடியும் நாமதான்.

செக் பண்றதுன்னா எப்படி? ஃபிட் பண்ணின அதே புள்ளிகள்ல மட்டும் பாக்காதீங்க. புதுசா ஒரு வரிசை எடுங்க. கீழ் முனை, மேல் முனை, நடுவுல முழு எண் இல்லாத சிலது: 90.4, 93.7 மாதிரி. வகைகள் இருந்தா ஒவ்வொரு வகைக்கும் ஒண்ணு. பிரெடிக்ட் ஒரு பத்தி, உங்க ஃபார்முலா ஒரு பத்தி, கழிச்சா ஒரு பத்தி. "ஓரளவு கிட்ட இருக்கு"ங்கற பேச்சே கூடாது. ரெண்டும் ஒரே கணக்கு, அதனால வித்தியாசம் ரவுண்டிங் அளவுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல இருந்தா எங்கயோ ஓட்டை.

இப்ப நான் யாருக்கு ஃபார்முலா குடுத்தாலும் கூட மூணு சாட்சி எண்ணும் குடுத்துருவேன். ஆழம் 1 போட்டா 3.23 வரணும், 5 போட்டா 56.87, 7 போட்டா 108.10. வரலேன்னா போன் பண்ணுங்க, உபயோகிக்காதீங்க. கூடவே எல்லையும்: 0 முதல் 7 வரைக்கும்தான். ஏன் எல்லைன்னா, அதே நல்ல ஃபார்முலாவுல ஆழம் மைனஸ் 2 போட்டுப் பாருங்க, 5.7 வரும். தரைக்கு ரெண்டு மீட்டர் கீழ தண்ணி ஊறுதாம். இருபடி வளைவு ஒரு பக்கம் இறங்கினா மறுபக்கம் ஏறும், அதுக்கு அணையைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

இதுவரைக்கும் சொன்னது ஒரு கேள்வி: ஃபார்முலா மாடலோட ஒத்துப்போகுதா? இன்னொரு கேள்வி இருக்கு: மாடல் உலகத்தோட ஒத்துப்போகுதா? ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ரெண்டாவதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய கதை இருக்கு.

பருவமழையை ரெக்ரெஷன் வெச்சு முன்கூட்டியே சொல்றது இந்தியாவுல நூறு வருஷத்துக்கு மேல பழசு. கில்பர்ட் வாக்கர்னு ஒரு கணித மேதை, 1904-ல இங்க வானிலைத் துறைக்குத் தலைமையா வந்தாரு. கம்ப்யூட்டர் கிடையாது. உலகத்தோட பல மூலைகள்ல இருந்து காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் வாங்கி, குமாஸ்தாக்களை வெச்சுக் கையால ஒட்டுறவுக் கெழு கணக்குப் போட வெச்சாரு. அவர்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம், 1914-லயே ஒரு எச்சரிக்கை எழுதிட்டாரு: நிறைய காரணிகளைப் பாத்து, அதுல நல்லா பொருந்துறதை மட்டும் பொறுக்கினா, அது தற்செயலாவே பெருசா தெரியும்னு. இன்னிக்கு இருபது ஃபீச்சர் போட்டு நல்லதைப் பொறுக்கறவங்க பலருக்கு இது புதுச் செய்தியா இருக்கும்.

1988-ல இருந்து வசந்த் கோவாரிக்கரும் அவரோட சகாக்களும் உருவாக்கின 16 காரணி மாடல் நடைமுறைக்கு வந்துச்சு. கடல் வெப்பநிலை, காற்றழுத்தம், பனிப்போர்வை எல்லாம் அதுல உண்டு. ஒவ்வொரு காரணிக்கும் கெழு மட்டுமில்ல, ஒரு அடுக்கு எண்ணும் உண்டு. தப்பு 4 சதவீதம் கூடக் கொறைய இருக்கும்னு கணக்கு. வருஷக் கணக்கா ஓடுச்சு. 2002-ல சராசரியில 101 சதவீத மழைன்னு சொல்லிச்சு. வந்தது 81 சதவீதம். பெரிய வறட்சி. அந்த ஃபார்முலாவை நீங்க எத்தனை தசம இடம் வெச்சுச் செக் பண்ணியிருந்தாலும் 101தான் வந்திருக்கும். கணக்கு சரி, வானம் ஒத்துக்கல. அடுத்த வருஷமே அதைக் கைவிட்டு 8 காரணி, 10 காரணி மாடல்களுக்கு மாறினாங்க.

இன்னொண்ணு, அது மொத்த இந்தியாவுக்கும் சேத்து, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்குமான மழைக்கு ஒரே எண். ஆனைக்குட்டத்தை நிரப்புறது பெரும்பாலும் அதுக்கப்புறம் வர்ற வடகிழக்குப் பருவமழை. 101 சதவீதம்னு பேப்பர்ல பாத்துட்டு எங்க மாமா விதைச்சிருந்தா, அது ஃபார்முலாவோட தப்பு இல்ல. எல்லையை யாரும் கூடவே எழுதிக் குடுக்காததோட தப்பு.

சரி, கதைக்கு வர்றேன். திருத்தின ஃபார்முலாவுல 57-ஐ 1.728-ஆல வகுத்தா 33 நாள். "கணக்கு தப்பு மாமா, முப்பது நாளைக்கு மேல வரும். ஆவியாகுறது, கசியுறதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கோங்க"ன்னு சொன்னேன். மாமா திட்டல. "நான்தான் சொன்னேனே, தை முடியுற வரைக்கும்னு"ன்னாரு. அட்வான்ஸ் குடுத்த மூவாயிரம் திரும்பி வரல. பக்கத்துக் காட்டுக்காரர் அடுத்த வருஷத்துக்குக் கழிச்சுக்கறேன்னு சொல்லிட்டாராம். நான் ஜிபேயில அனுப்பினேன், அத்தை ஃபோன் பண்ணி என்னைத் திட்டிட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் அந்தக் கணக்கு முடியல.

நெல்லு தேறிருச்சு. இப்ப மாமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கால் பண்ணி ஆழம் இவ்வளவு, கணக்குல இவ்வளவு வருது, சரியான்னு கேட்பாரு. முதல்ல 5 போட்டு 56.87 வருதான்னு பாத்துட்டுத்தான் அன்னிக்குள்ளதைப் போடுறாராம். என் டீம்ல பாதிப் பேர் இதைச் செய்யறதில்ல.

போன வாரம் அவர் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியல. "அட்டவணை போட்டப்ப இருந்த அணை வேற மாப்ள. அதுக்கப்புறம் வெள்ளத்துல எவ்வளவு வண்டல் ஏறியிருக்கு! சில இடத்துல மண்ணையும் அள்ளிட்டாங்க. அந்தக் குழி, மேடு எல்லாம் உன் 2.0347-க்குத் தெரியுமா?" தெரியாது. படகுல எக்கோ சவுண்டர் வெச்சுத் தரையை மறுபடி அளந்தாத்தான் தெரியும். அப்படி அளக்கற வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன், அடுத்த எபிசோட்ல வர்றாரு. உங்க ஊர் கண்மாய், ஏரி பத்திக் கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அவர்கிட்டயே கேட்டுருவோம். அதுவரைக்கும் டாட்டா.